குடையைத் தொலைத்த அக்கா

"குடையைத் தொலைச்சது நீதான்க்கா!"

"நானா? மழையில ஆடிக்கிட்டே வந்தது யாராம்? பழியைத் தூக்கி என் தலையில போடாதே. வாயைத் திற!"

"மாட்டேன். முதல்ல ஒத்துக்கோ, நீதான்..."

"சரிடா, நான்தான்! போதுமா? இப்ப விழுங்கு."

ஒரு ஸ்பூன் சூப் உள்ளே போயிற்று.

தம்பிக்கு எழுபது தாண்டியிருக்கும். அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவள் அந்த வார்டின் நர்ஸ்.

அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் குத்திய ஆணியை அலட்சியமாக விட்டுவிட்டார். புண் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்து, அனலாய்க் கொதித்த உடம்போடு வந்து சேர்ந்தார். பார்க்க வர ஒரு ஈ காக்கை இல்லை. யார் கெஞ்சியும் வாயைத் திறக்காத மனிதரிடம், அலுத்துப்போய் அவள்தான், "வாயைத் திறடா தம்பி!" என்று ஒரு அதட்டல் போட்டாள். "அக்கா, வந்துட்டியா?" என்று திறந்தார். அன்றிலிருந்து அவள் அக்கா.

காய்ச்சல் வேகத்தில் அவர் உளறியதையெல்லாம் சேர்த்துச் சேர்த்து, அவளுக்கே அந்தத் தெரு கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. சாய்ந்து பெய்யும் மழை. ஒரே கறுப்புக் குடைக்குள் இரண்டு பிள்ளைகள். சலைன் சொட்டுவதைப் பார்த்தால்கூட, குடைக் கம்பியின் நுனியில் நீர் திரண்டு விழுவது போலிருக்கும். அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது.

"பிரஷர் பார்க்கணும். கையைக் கொடு."

டியூப் இல்லாத கையாகப் பார்த்து நீட்டினார்.

"சமத்து!" என்றாள். ஜன்னல் திரை மெல்ல ஊதி அடங்கியது. அறையே தூக்கத்தில் மூச்சு விடுவது போலிருந்தது.

வாசலிலிருந்து டாக்டர் கை காட்டினார். அவள் வெளியே போனாள்.

"ரத்தத்தைத் திரும்பக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினோமே, கிருமியே வளரலை. காய்ச்சலும் இல்லை. புண்ணும் ஆறுது."

"நல்ல சேதிதானே டாக்டர்?"

"எங்கே? இன்னும் உங்களை அக்கான்னுதானே கூப்பிடறார்? இந்நேரம் புத்தி தெளிஞ்சிருக்கணும். கிருமி மூளைக்குப் போயிருக்குமோன்னு பயமா இருக்கு. முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கணும். முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, வேற மருந்தும் சேர்த்தாகணும்."

"அந்த மருந்தை அவர் கிட்னி தாங்குமா?"

"தாங்கணும். வேற வழி? அரை மணியில எல்லாம் தயாரா இருக்கட்டும்."

டாக்டர் போன பிறகும் அவள் கதவருகிலேயே நின்றாள். 'ஒருவேளை நான்தான் கெடுத்தேனோ? தெளிய வேண்டிய மனுஷனை அக்கா, குடைன்னு கனவுக்குள்ளேயே பிடிச்சு வச்சுட்டேனோ?'

உள்ளே வந்து, மாஸ்க்கைக் கழற்றி, கட்டிலருகே நேராக நின்றாள்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி?"

"ஐயா, என்னை நல்லாப் பாருங்க. நான் உங்க அக்கா இல்லை. இது ஆஸ்பத்திரி. நான் இங்கே நர்ஸ். உங்களுக்குப் புரியலைன்னா இப்போ முதுகுல ஊசி குத்துவாங்க. கிட்னியைக் கெடுக்கிற மருந்தை ஏத்துவாங்க. தயவுபண்ணி ஞாபகப்படுத்திப் பாருங்கய்யா!"

அவர் சொட்டுச் சொட்டாய் இறங்கும் சலைனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ தூரத்தில் ஒரு டிராலி உருண்டு போனது.

"தெரியும்மா," என்றார், நிதானமாக. "எங்கக்கா போய்ச் சேர்ந்து எத்தனையோ மழைக்காலம் ஆச்சு. நீங்க நர்ஸுன்னு, காய்ச்சல் விட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"கடவுளே! அப்போ ஏங்க இத்தனை நாள்..."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெளிஞ்சுட்டேன்னு சொன்னா, அடுத்த நிமிஷமே 'ஐயா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிடுவீங்களேம்மா!"