சைவ வீட்டு மீன்குளம்

மாடன் மடையைத் திறந்துவிட்டான். தண்ணீர் புதுக் குளத்துக்குள் இறங்கி, மேல்கரையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே கீழ்க்கரைக்கு ஓடியது.

புறவாசல் நிலையில் சாய்ந்து நின்ற உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். போன மாதமும் இப்படித்தான் ஓடியது.

மலையடிவாரத்து வீடு அது. புறவாசலிலிருந்து வேலி வரைக்கும் ஒரே சரிவு. கையிலிருக்கும் எலுமிச்சம்பழம் நழுவினால் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அந்தச் சரிவில் குளம் கட்டியே தீருவேன் என்று நின்றார் அவள் புருஷன் சிவசுப்பிரமணிய பிள்ளை. பாபநாசத்தில் ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து மனுஷனுக்கு அதே பித்து.

கீழ்ப்பக்கச் சுவரை இடுப்பளவு உயர்த்த வேண்டும் என்று கொத்தனார் மாடன் முதலிலேயே சொன்னான். பிள்ளையின் கண்ணுக்கு அது கோணலாகப் பட்டது. தரை எப்படிச் சரிகிறதோ கரையும் அப்படியே சரியட்டும் என்றார்.

கரை சரிந்தது, தண்ணீர் சரியமாட்டேன் என்றுவிட்டது. மேல்கரை நனையும் முன்னே கீழ்க்கரை வழிந்து, பக்கத்து வீட்டுப் பசுமாடு முழங்கால் தண்ணீரில் நின்றது.

இந்தத் தடவை மாடன் யாரையும் கேட்கவில்லை. ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, கருங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி எழுப்பியிருந்தான். யுத்த காலத்தில் சிமெண்டுக்கு எங்கே போவது?

உலகம்மாள் குளத்தை ஒரு கண்ணால்தான் பார்த்தாள். இன்னொரு கண் கரையில் நின்ற குற்றாலிங்கம் பிள்ளையின் முகத்தில் இருந்தது.

அவருடைய மகனுக்கு இவள் மகள் இராமலட்சுமியைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, தாம்பூலம் மாற்ற நாள் பார்ப்பது வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் யாரோ அவருடைய ஊரான இலஞ்சிக்குப் போய் ஊதிவிட்டார்கள், சைவ வீட்டில் மீன் இறங்குகிறது என்று.

குற்றாலிங்கம் பிள்ளை லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்யாண வீட்டில்கூடச் சமையற்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். நேரில் பார்க்காமல் தாம்பூலம் கிடையாது என்று சொல்லியனுப்பி, காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். அடுப்படி, அம்மி, சட்டிபானை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கதவுக்குப் பின்னால் இராமலட்சுமி இடுக்கு வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. சாரல் விழுந்த ஒரு நாள் அருவிக்கரையில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். அதுவே அவளுக்குப் போதும்.

மலையிலிருந்து வந்த சாரல் சீசன் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறியது. கீழ்க்கரையில் முட்டி நின்றது. ஒரு சொட்டு கசியவில்லை. பிறகு மெதுவாக மேல்கரைப் பக்கம் திரும்பி, இரண்டு கரையையும் ஒரே மட்டத்தில் தொட்டது. மாடன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சிவசுப்பிரமணிய பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியளா அண்ணாச்சி! மீனு எல்லாம் சும்மா பாக்கதுக்குத்தான். பொரி போட்டா வந்து திங்கும், அம்புட்டுதான்."

சொல்லிக்கொண்டே இரண்டு குடங்களை இழுத்து வந்தார். மீன் வியாபாரி முகம்மது மீரான் விடியற்காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுவரும்படி அவரிடம் சொல்லியிருந்தார்.

ஒன்றில் விரல் நீளக் கெண்டைகள் பளபளத்தன. மற்றதில் கறுத்துத் தடித்த இரண்டு, வளைந்து கிடந்தன. பிள்ளையைப் பொறுத்தவரை எல்லாம் மீன்தான். கெண்டைகளை விட்ட கையோடு அடுத்த குடத்தையும் கவிழ்க்கப் போனார்.

"ஏ, நில்லும் வே!" குற்றாலிங்கம் பிள்ளை பாய்ந்து வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார். "அது விரால்லா! விட்டீருன்னா விடியதுக்குள்ள ஒரு கெண்டை மிஞ்சாது. இம்புட்டுப் பெரிய விராலை யாராவது குளத்துல விடுவாவளா? நடுமுள்ளு ஒண்ணுதான் இருக்கும், சதை அப்படியே கழண்டு..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மடையை அடைக்கக் குனிந்த மாடன் நிமிரவே இல்லை. அவன் முதுகு மட்டும் குலுங்கியது.

சிவசுப்பிரமணிய பிள்ளை சூதுவாது தெரியாத மனுஷன். "நடுமுள்ளு ஒண்ணுதானா? அது உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டே விட்டார்.

குற்றாலிங்கம் பிள்ளை மலையைப் பார்த்தார். மாடனின் முதுகைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது.

உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தாள். இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபது வருஷம் ஆகிறது. இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

"அவுக கெடக்காவ, நீங்க வாங்க அண்ணாச்சி," என்றாள். "வார வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்திக்கிடுவமா?"

"வெள்ளிக்கிழமை எதுக்குத் தங்கச்சி?" என்றார் அவர் அவசரமாக. "இன்னைக்கே மாத்திக்கிடுவோம்."