இரண்டு பேர் ஈரம்

தணிகாசலத்தின் கூடத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஆர்க்கிட் பூத்திருந்தது. பூ கடுகளவுதான். மலைமேல் அந்த இனம் இப்போது இல்லை, வீடுகளில்தான் வளர்க்கிறார்கள். வீட்டுக் காற்றின் ஈரத்தை இழுத்துப் பெட்டியே மூடுபனி உண்டாக்கிக்கொள்ளும். ஒருவர் மட்டும் வாழும் வீட்டில் ஈரம் போதாது என்று, செடியைக் கொடுத்த தாவரக் காப்பகம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

காப்பகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ரெஜினா பெட்டியின் ஈர மீட்டரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் ஈரம் காட்டுது. வீட்ல அம்மா இல்லையா சார்?"

"என் சம்சாரம் கோதை கடைக்குப் போயிருக்காம்மா. செடி அவளோடதுதான்."

கூடத்துக் கொடியில் ஈரச் சேலை தொங்கியது. துவைத்துத் துவைத்து அதன் நிறமே போயிருந்தது. அடுப்பில் பெரிய பானை கொதித்தது. ரெஜினா எட்டிப் பார்த்தாள். அரிசி இல்லை, வெறும் தண்ணீர். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்றே ஒன்று.

அவள் சற்று நேரம் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படிவத்தில் 'இருவர்' என்று எழுதினாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சேலையப் பிழியாமக் காயப்போடுங்க சார். ஈரம் ரொம்ப நேரம் நிக்கும்."

கதவைச் சாத்திவிட்டு வந்த தணிகாசலம், இரண்டு வருடமாக யாரும் உடுத்தாத அந்தச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மறுபடி வாளியில் நனைத்தார்.