கல் கிரீடத்தின் கீழே

"புயல்ல ஒரு தடவ விழுந்துச்சு. திரும்ப எடுத்துக் கட்டிட்டாங்க."

கல்லூரிக் கோபுரத்தின் உச்சியிலிருந்த கல் கிரீடத்தை ரூரி காட்டியபோது, கூட்டத்திலிருந்த ஒரு அம்மாளின் போன் மூன்றாவது முறையாக அடித்தது.

பெயரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ரூரி இரண்டாம் ஆண்டு மாணவன். பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறவர்களுக்குப் ஸ்காட்லாந்தின் பழைய அபர்டீன் பகுதியைச் சுற்றிக் காட்டுவது அவனுக்கு இதுதான் முதல் முறை. வந்திருந்தது பதினோரு பேர். அதில் இந்த அம்மாளும் மகளும் மீன்பிடித் துறைமுகமான பீட்டர்ஹெட்டிலிருந்து வந்தவர்கள்.

மகளுக்குப் பதினாறு வயதிருக்கும். தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வியெல்லாம் அம்மாளிடமிருந்துதான். நூலகம் எத்தனை மணி வரை? கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் என்ன செய்வது? கணக்கில் தோற்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

ரூரி ஒவ்வொன்றுக்கும் மகளைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு" என்றாள் மகள்.

கருங்கல் பாவிய தெருவில் ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. ரப்பர் பூட்ஸும் மீன் செதில் ஒட்டிய சட்டையுமாக ஒரு ஆள் இறங்கி ஓடிவந்தான். கூட்டம் தானாக விலகியது.

ரூரி மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "சார், எதுவானாலும் நிதானமா..."

அந்த ஆள் அவனையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மனைவிக்கு எதிரே போய் நின்று மூச்சு வாங்கினான். அவள் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை உருவினான்.

"போன எடுத்தா கொறஞ்சா போயிடுவ? மேசையிலயே வச்சிட்டு வந்துட்ட. இது இல்லாம உன்ன யாரு இன்டர்வியூக்கு உள்ள விடுவா? போ, ஜீன். இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

உறையின் மேல் அவள் பெயர்தான் இருந்தது.

ஜீன் அவன் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு உறையை வாங்கிக்கொண்டு, நாற்பத்தாறு வயதை மறந்து ஓடினாள்.

"காலேஜுக்குப் போனா வீட்டுக்குத் திரும்ப வராதன்னு நேத்து ராத்திரி கத்தினாரு" என்று மகள் ரூரியிடம் முணுமுணுத்தாள்.

ஜீன் நுழைந்த கதவைப் பார்த்தபடியே அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான்.

"தம்பி, வகுப்பு எந்தெந்த நாள்ல இருக்கும்? படகுல என் முறைய மாத்திக் கேக்கணும்."