குழாய் உடைப்பும் இரண்டு சர்க்காரும்

மந்திரமூர்த்தி, வயது இருபத்திரண்டு, தூத்துக்குடி ரயில் பாதையோரத்துக் குடிசைவாசி. 1948-ல் அந்தத் தெருவில் மனு எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். துறைமுகத்துக்குப் போகும் நல்லதண்ணீர்க் குழாய் குடிசைகளுக்கு முன்னால் உடைந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

“மனுவுக்குப் பதில் வந்துச்சாலே?” என்றாள் பக்கத்துக் குடிசை சண்முகவடிவு.

“வந்துட்டுக்கா. ‘ரயில் நிலம் டெல்லியோடது, அங்க கேளு’ங்கான் மதராஸ்காரன். ‘குடிதண்ணி மதராஸ் பொறுப்பு’ங்கான் டெல்லிக்காரன்.”

“அப்போ இன்னும் இழுக்குமோ?”

“இழுக்கும்.”

அவள் பெருமூச்சு விட்டாள்.

மறுவாரம் வந்த கடிதத்தைப் படித்ததும் அவன் சண்முகவடிவிடம் ஓடினான். “யக்கா, ரெண்டு சர்க்காரும் ஆளுக்குப் பாதிச் செலவுல குழாயை அடைக்கப் போறாவளாம்.”

சண்முகவடிவு இடுப்பிலிருந்த நிறைகுடத்தை இறக்கி வைத்தாள். “அடப்பாவி, அடைச்சிட்டா நாம எங்கனலே தண்ணி பிடிக்க? கிணறெல்லாம் உப்புலா. நீ எழுதுத எழுத்துக்குப் பத்து வருஷம் ஒருத்தனும் வரமாட்டாம்னு சொன்னியே.”

அவன் உடனே பேனாவை எடுத்தான்.

“மகாகனம் பொருந்திய ஐயா, உடைப்பில் எந்தப் பாதி மதராஸ், எந்தப் பாதி டெல்லி என்று இரு சர்க்காரும் கூடி அளந்து முடிவு செய்யும்வரை, குழாயை யாரும் தொடாமலிருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”