ரிவர்ஸ் அண்ணன் தேர்வுக்குப் போன நாள்

இடப்பக்க மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மாணவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

கட்டிலில் மல்லாந்திருந்த ரிவர்ஸ் அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவ வேண்டும் என்ற எண்ணம் முகத்தில் துளியும் இல்லை.

அவருக்கு இதயம் வலப்பக்கம். கல்லீரல் இடப்பக்கம். இரைப்பை, மண்ணீரல், குடல்வால் எல்லாமே பக்கம் மாறி உட்கார்ந்திருந்தன. பிறவியிலேயே அப்படி. வீட்டை இடவலம் மாற்றிக் கட்டினாலும் குழாயில் தண்ணீர் வரும், சாக்கடை ஓடும். உள்ளேயும் அதேபோல் எல்லா வேலையும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

தொழில் லாரி ஓட்டுவது. ஆனால் பட்டப்பெயர் லாரியால் வந்ததல்ல.

மருத்துவ மாணவர்களின் இறுதித் தேர்வுக்கு இப்படிப்பட்ட உடம்புகளைத் தேடிப் பிடித்துக் கட்டில்களில் படுக்க வைப்பார்கள். மாணவர்கள் தொட்டு, தட்டி, காது கொடுத்துக் கேட்டு, என்ன விஷயம் என்று சொல்ல வேண்டும். ரிவர்ஸ் அண்ணன் வருடம் தவறாமல் வருபவர். மற்றவர்கள் பூர்வீக நிலத்தைப் பற்றிப் பேசும் தோரணையில் அவர் தன் கல்லீரலைப் பற்றிப் பேசுவார்.

இந்த வருடம் மட்டும் போகவே கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. லோடு ஏற்றப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வந்ததற்குக் காரணம், அடுத்து வரப்போகிற மாணவி. போன முறை இதே தேர்வில் கோட்டை விட்டவள். கூடப் படித்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆகிவிட்டார்கள். இந்த முறையும் போனால் அவள் புத்தகத்தையே மூடிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். எப்படியாவது அவள் தேறியாக வேண்டும்.

யாருக்கு எந்தக் கட்டில் என்று ஆள் அனுப்பும் வார்டு உதவியாளர் பெண்மணியிடம் காலையிலேயே கெஞ்சிவைத்திருந்தார்.

“அந்தப் பொண்ண என் கட்டிலுக்கு அனுப்பும்மா. பாத்தா பாவமா இருக்கு.”

“போன வருஷம் ஒருத்தன் உங்க கட்டில்லேர்ந்து அழுதுட்டே போனானே, அவனப் பாத்தா பாவமா இல்லையாண்ணே?”

கேட்டாளே தவிர, அனுப்பிவிட்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு மாணவி உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். வந்த வேகத்தில் அப்படியே நின்றாள்.

ரிவர்ஸ் அண்ணன் சட்டையை இன்னும் கொஞ்சம் விலக்கிக் கொடுத்தார்.

அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

“சார், இவர எனக்கு முன்னாடியே தெரியும். வேற நோயாளி குடுங்க.”

“தெரிஞ்சா நல்லதுதானேம்மா? சுலபமா பாஸாயிடுவே.”

“அதனாலதான் சார்.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

ரிவர்ஸ் அண்ணன் விலக்கிய சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். இப்படி வாயில் ஊட்டியதைத் துப்பிவிட்டுப் போகிறாளே!

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் சாதாரண மனிதர். நடுவில் துணித் திரை. ரிவர்ஸ் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

விரலால் தட்டும் சத்தம். பெரியவரின் இருமல். ரிவர்ஸ் அண்ணன் திரைப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.

“கால் வீக்கத்துக்கும் நெஞ்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டார் பேராசிரியர்.

“இதயம் சரியா தள்ளலன்னா ரத்தம் பின்னாடி தேங்குது சார். நுரையீரல்ல தேங்கினா மூச்சு வாங்குது. கல்லீரல்ல தேங்கினா அது வீங்குது. கால்ல நீர் கோத்துக்குது. அங்க சிறுநீரகம், ரத்தமே கம்மியாயிடுச்சு போலன்னு நெனச்சு, தண்ணிய வெளிய விடாம இன்னும் புடிச்சு வச்சுக்குது.”

பாலத்தில் ஒரு வண்டி படுத்துவிட்டால் பின்னால் சந்தைவரைக்கும் வண்டிகள் நிற்குமே, அதே கதைதான் என்று ரிவர்ஸ் அண்ணனுக்குப் பளிச்சென்று விளங்கியது. இத்தனை வருடம் இங்கே வந்து படுத்தும், உடம்புக்குள் நடப்பதை ஒருவரும் அவருக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

“அப்போ தப்பு சிறுநீரகத்து மேலயா?”

“இல்ல சார். அதுக்கு யாரும் விஷயத்த சொல்லல.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். “போ, போய்ச் சாப்பிடு போ.”

தோற்றவர்களிடம் பேராசிரியர்கள் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். சாப்பிடப் போகச் சொன்னால் பாஸ். இது ரிவர்ஸ் அண்ணனின் நீண்டகால ஆராய்ச்சி முடிவு.

அவள் திரையைத் தாண்டி வெளியே போனாள். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்த முதுகு மட்டும் தெரிந்தது. ரிவர்ஸ் அண்ணனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த மாணவனோடு வந்த பேராசிரியர், கட்டிலருகே நின்று பேச்சுவாக்கில் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். புருவம் உயர்ந்தது.

“என்னங்க, நாடி இந்த ஓட்டம் ஓடுது? உடம்புக்கு முடியலையா?”

“இப்ப போச்சே, அது எம் பொண்ணு சார்.” ரிவர்ஸ் அண்ணன் வலப்பக்க மார்பைத் தட்டிக் காட்டினார். “பல்லு முளைக்கிறவரைக்கும் இதோ, இங்கதான் காத வச்சுத் தூங்கும். இந்தச் சத்தம் கேக்கலன்னா ஒரே அழுகை.”

இடப்பக்கம் குனிந்துகொண்டிருந்த புது மாணவன், யாரையும் பார்க்காமல், ஸ்டெதாஸ்கோப்பை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினான்.