மகாராணி

தண்ணீர் லாரி டிரைவர் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தலைமை ஆசிரியை அறைக்குள் வந்தார்.

"யாரு பெத்த புள்ள இது? ரிவர்ஸ்ல வரேன், ஹாரன் அடிக்கறேன், கிளீனர் தொண்டை கிழியக் கத்தறான். இந்தம்மா நடு வழியில உக்காந்து ஷூ லேசு கட்டிட்டிருக்காங்க. ஒரு சாண்தாம்மா இருந்துச்சு. ஒரு சாண்!"

"இவளா? இவ அப்படித்தான்" என்றாள் வகுப்பு டீச்சர். "மகாராணி. பத்து தடவை கூப்பிட்டா ஒரு தடவை திரும்புவா."

அந்தப் பெயரை வைத்தது டீச்சர்தான். இப்போது ஐந்தாம் வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது.

பெண் அழவில்லை. பேசுகிறவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, கண்ணையாவது கீழ போடறாளா?"

அம்மாவுக்கு ஆள் போயிற்று. சலவைக் கடையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். வாசல் பக்கம் முதுகைக் காட்டி நின்ற மகளைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றாள். பிறகுதான் அறைந்தாள்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? திமிரு! உடம்பு பூரா திமிரு!"

"அட, அடிக்காதீங்கம்மா" என்றார் டிரைவர். "உசுரு தப்பிச்சுதே, அது போதும்." அவர் இரண்டு பேரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "காதுல ஏதாவது கோளாறு இருக்கப் போவுது. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க!" கேள்வி முடிவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "எங்க வம்சத்துலயே யாருக்கும் அப்படிக் கிடையாது. வெறும் திமிருதான். நல்லா நாலு போடுங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

"அடக்கத்தான் பாக்கறேன்" என்றாள் டீச்சர். "முன் பெஞ்சுலதான் உக்காருவேன்னு ஒரே அடம். கடைசி பெஞ்சுக்கு மாத்தினேன். அன்னிலேர்ந்து டிக்டேஷன்ல முட்டை. வேணும்னே எழுத மாட்டேங்கறா."

அம்மா தலையை நிமிர்த்தினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நல்லது பண்ணீங்க டீச்சர்" என்றாள்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா டி.சி.தான்" என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

அம்மா வேலைக்குத் திரும்பிப் போனாள். டீச்சர் பெண்ணை வகுப்புக்கு அழைத்துப் போனாள். தாழ்வாரத்தில் பெண் முன்னால் நடந்தாள். கன்னத்தில் நான்கு விரல்களும் பதிந்திருந்தன.

பெண் சரியாக மின்சார மணியின் கீழே போகும்போது அது அலறியது. டீச்சருக்கே தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த வருகைப் பதிவேடு கீழே விழுந்தது.

பெண்ணின் தோள் அசையவில்லை. அதே நடை. பின்னலில் ஒரு முடிகூட ஆடவில்லை.

"ஏய்" என்றாள் டீச்சர். பிறகு, பல மாதங்களுக்குப் பின் முதல் தடவையாக, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெண் போய்க்கொண்டே இருந்தாள்.

டீச்சர் ஓடிப்போய் அவள் எதிரே மண்டியிட்டாள். "உனக்குக் காது கேக்காதா?"

பெண் அவள் உதடுகளையே பார்த்தாள். பின்னால் திரும்பி, அம்மா போய்விட்டாளா என்று வாசல்வரை பார்த்தாள்.

"கேக்காது" என்றாள். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல் பேசினாள். "காய்ச்சல் வந்ததுலேர்ந்து இப்படித்தான். டாக்டர் காது மிஷின் குடுத்தாரு. பீரோவுல இருக்கு."

"ஏன் வெச்சுக்கல?"

"வெச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தங்கச்சி செவிடுன்னா அக்காவை யாரு கட்டிக்குவாங்க? திமிர் புடிச்சவன்னா பரவாயில்லையாம்."

டீச்சர் குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பெண்ணுக்கு அது போதுமாயிருந்தது.

"அக்கா கல்யாணம் எப்போ?"

"எந்த அக்காவுக்கு?" என்று கேட்டுவிட்டு, பெண் மூன்று விரல்களை விரித்துக் காட்டினாள்.