அணைக்காத கற்பூரம்

பாலோ ரப்பர் தோட்டத்தின் பால் கொட்டகை முன்னால் நண்பகல் வெயிலில் ஒரு கல். அதன்மேல் கற்பூரம் எரிகிறது. தோட்டத்தைவிட்டு ஓடப் பார்த்துப் பிடிபட்ட சடையனைப் புகைவீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். காலையில் பூட்டு உடைந்து கிடந்தது, ஆளைக் காணோம். உடைத்தவன் யாரென்று தெரியாது என்று ஒவ்வொருவராக உள்ளங்கையால் சுடரை அணைத்துச் சத்தியம் செய்கிறார்கள். கங்காணி உடனே அடுத்த வில்லையைப் பற்றவைக்கிறார். இப்போது ஞானப்பூவின் முறை. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். "எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுங்க." "அப்ப உங்க வேதபுத்தகத்தைத் தொட்டுப் பண்ணு." "அதுமேலயும் கூடாதுங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, அது போதும்னு ஏசு சாமி சொல்லியிருக்காருங்க." எதிர் வரிசையில் அவள் புருஷன் வேதமுத்து கண்களை மூடிக்கொள்கிறான். அவன் கட்டைவிரலில் சுற்றியிருப்பது அவள் சேலைக் கிழிசல்; பூட்டை உடைத்துவிட்டு ரத்தம் சொட்ட வந்தவனுக்கு விடியுமுன் அவள்தான் கட்டிவிட்டாள். பால் வெட்டும்போது கத்தி பட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். கொட்டகைக்குள் காலி வாளி ஒன்று உருண்டு நிற்கிறது. யாரும் திரும்பவில்லை. கங்காணி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லச் சிரிக்கிறார். "சரி தாயி, சத்தியம் வேணாம். உங்க சாமி சொன்னபடியே சொல்லு. பூட்டை ஒடச்சது யாருன்னு ஒனக்குத் தெரியுமா? ஆமாவா, இல்லயா?" கற்பூரம் தானாகவே எரிந்து அடங்குகிறது. கங்காணி அடுத்த வில்லையை எடுக்கவில்லை.